வாரத்துக்கு ஒரு நட்சத்திரமீன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிரைட்டன் சங்கைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு கடல் நத்தைக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால், இந்த நத்தைகளைப் பவளத்திட்டுகளில் நிறைய விட்டால், பவளத்தைத் தின்று தீர்க்கும் முள்கிரீட நட்சத்திரமீன்களின் தொல்லை ஒழிந்துவிடும் என்று கட்டுரையாளர் முடித்திருப்பதுதான் உறுத்துகிறது.

நன்கு வளர்ந்த டிரைட்டன் ஒன்று ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு முள்கிரீடத்தைத்தான் தின்கிறது. சாவகாசமான வேட்டை அது. மோப்பம் பிடித்து ஊர்ந்துபோய், பாதத்தால் இரையை அமுக்கி, அரம் போன்ற நாக்கால் தோலைக் கிழித்து, உமிழ்நீரால் அதை மரத்துப்போகச் செய்ய வேண்டும். இதற்குள் ஒரு கையைப் பறிகொடுத்துவிட்டுத் தப்பியோடும் நட்சத்திரமீன்களும் உண்டு. போன கை மறுபடி முளைத்துக்கொள்ளும். அந்தப் பக்கமோ, ஒரு பெண் முள்கிரீடம் ஒரே பருவத்தில் கோடிக்கணக்கில் முட்டையிடுகிறது. போதாக்குறைக்கு, முள்கிரீடம்தான் வேண்டும் என்று நத்தை அடம்பிடிப்பதும் இல்லை. வேறு நட்சத்திரமீனோ கடல் அட்டையோ அகப்பட்டால் அதிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்கிறது.

1962இல் ஆஸ்திரேலியாவின் கிரீன் தீவருகே முள்கிரீடங்கள் பெருகிப் பவளத்தை மேய்ந்தபோது, சங்கு ஓட்டுக்காக டிரைட்டன்களை அள்ளியதே காரணம் என்று சிலர் கருதினார்கள். கேட்க நன்றாக இருக்கும் விளக்கம்தான். ஆனால் நிலத்திலிருந்து ஓடிவரும் உரச்சத்து கடலில் நுண்பாசியைப் பெருக்கி முள்கிரீடக் குஞ்சுகளுக்குத் தீனி போடுவதையும், அவற்றைத் தின்னும் மீன்களை நாம் பிடித்துத் தீர்ப்பதையும் விட்டுவிட்டுப் பேச முடியாது.

கட்டுரை தவறவிட்ட சங்கதி வேறொன்று. டிரைட்டன் இருந்த தண்ணீரின் வாடை பட்டாலே முள்கிரீடங்கள் விலகி ஓடுகின்றன என்று ஆஸ்திரேலியக் கடல் அறிவியல் நிறுவனத்தினர் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். முட்டையும் விந்தும் தண்ணீரில்தான் சேர வேண்டும் என்பதால் இனப்பெருக்கக் காலத்தில் இவை கூட்டமாகக் கூடியாக வேண்டும். அந்த வாடையைக் கொண்டு கூட்டத்தைக் கலைத்துவிடலாம் என்பதே ஆய்வாளர்களின் நம்பிக்கை. தின்றதைவிடத் துரத்தியதே பெரிது போலும்!

இன்னொன்று, படத்தின் கீழே போட்டிருந்த 'கரை ஒதுங்கிய சங்கு' என்ற வரி. என் மேசையிலும் ஒரு டிரைட்டன் ஓடு இருக்கிறது. முழங்கை நீளம், கௌதாரி இறகைப் போலப் பழுப்புப் பிறைகள் அடுக்கடுக்காக, வாயோரத்தில் கரும்பட்டைகளும் அவற்றினிடையே வெள்ளைப் பல்வரிசையும். விற்றவர் அதைக் கரையில் பொறுக்கியதாகத்தான் சொன்னார், நானும் நம்பினேன். தானாகச் செத்த நத்தையின் ஓடு கடலடியிலேயே சுண்ணாம்புப் பாசி படிந்து, புழு துளைத்து, நிறம் வெளுத்து, பெரும்பாலும் துறவி நண்டுக்கு வீடாகிவிடும் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். என்னுடையதில் ஒரு கீறல்கூட இல்லை. நத்தை உள்ளே இழுத்துக்கொண்டு வாயை அடைக்கும் பழுப்பு மூடியும் கூடவே ஒரு பையில் போட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. உயிரோடு பிடித்தால்தான் அந்த மூடி கைக்குக் கிடைக்கும்.

தங்கள் படத்திலும் ஓட்டின் அருகே அந்த மூடி கிடக்கிறது. அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்