பரணில் கிடக்கும் கணக்குகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மாவட்டத் தாலுகாக்களில் ஜமாபந்தி, அதாவது கிராம வருவாய்க் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கை, தொடங்கிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். கணக்கைச் சரிபார்க்கிறார்கள், சரி. சரிபார்த்த கணக்கு ஐம்பது, அறுபது ஆண்டு கழித்து எங்கே போகிறது? இதைக் கேட்க எனக்குத் தகுதி குறைவுதான். அழித்தவர்களில் நானும் ஒருவன்.

என் தாத்தா குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கர்ணம், அதாவது ஊர்க் கணக்கர். அவருக்குப் பின் அப்பா. பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை அரசு 1980-ல் ஒழித்தபோது, அப்பா நடப்புக் கணக்குகளை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கி வந்தார். யாரும் கேட்காத பழைய கட்டுகள் பரணிலேயே தங்கிவிட்டன. சில ஆண்டுகள் கழித்து ஒரு போகியன்று, கரையான் ஏறிவிட்டது என்று சொல்லி இரண்டு கட்டுகளை நானே தீயில் போட்டேன். அப்போது நான் வருவாய்த் துறையில் பதிவறை எழுத்தர். வெட்கக்கேடு!

தப்பியது ஒரே ஓர் அடங்கல், நிலவாரியாகப் பயிரை எழுதும் கிராமப் பதிவேடு. தானே புயல் ஓட்டைப் பிரித்தபோது நனைந்து, வெயிலில் காய்ந்து, இன்னும் இருக்கிறது. பசலி (வருவாய் ஆண்டு) 1362, அதாவது 1952–53. புல எண், பயிர், பரப்பு எல்லாம் வழக்கம்போல. குறிப்புப் பத்தியில்தான் தாத்தா பேசுகிறார். மேலிருந்து கீழ்வரை ‘சாவி’, ‘சாவி’, ‘சாவி’; பயிர் மணி பிடிக்காமல் பதராய்ப் போனது என்று பொருள். ஒரு புன்செய்க்கு நேராக மட்டும், ‘கிணற்றில் நீரில்லை, ஆள் ஊரில் இல்லை.’

சென்ற ஆண்டு மகளைப் பார்க்க அயர்லாந்து போயிருந்தேன். அங்கே செவிலியராக இருக்கிறாள். ராஸ்காமன் மாவட்டத்தில் ஸ்ட்ரோக்ஸ்டவுன் என்ற ஊருக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த பெரிய பண்ணை மாளிகையை 1979-ல் உள்ளூர் வணிகர் ஒருவர் நிலத்துக்காக வாங்கினார். உள்ளே கிடந்த காகிதங்களில் ஒரு மனு அவர் கையில் அகப்பட்டது. 1846-ல் அந்தப் பண்ணையின் குளூனஹீ என்ற ஊர்க் குடியானவர்கள் எழுதியது: உருளைக்கிழங்கு அழுகிவிட்டது, தானியம் இல்லை, பிள்ளைகளின் அழுகையைத் தாங்க முடியவில்லை, நிவாரணம் வராவிட்டால் ஊர் அமைதி கெடும். பணிவான எழுத்துதான், ஆனால் எச்சரிக்கை. படித்தவர் மனம் மாறிவிட்டார். 1994-ல் அந்த இடம் அந்த உருளைக்கிழங்குப் பஞ்சத்தைச் சொல்லும் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 50,000-க்கும் மேற்பட்ட ஆவணங்கள் பிழைத்தன. 1847-ல் பண்ணைக்காரர் டெனிஸ் மஹோன் 1,490 குடிகளைக் கனடாவுக்குக் கப்பலேற்றியதும், அதே நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டதும் இன்று ஊரறிந்த வரலாறு. அங்கும் ‘ஆள் ஊரில் இல்லை’தான்.

அவர்கள் தனியார் வீட்டுக் காகிதத்தை இப்படிப் போற்றக் காரணம் உண்டு. டப்ளினில் இருந்த அரசு ஆவணக் காப்பகம் 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளும் பெரும்பாலும் சாம்பல். ஆனால் அடுத்த நான்கும், 1861 முதல் 1891 வரை, போரில் போனவை அல்ல. அரசே அழித்தது! கடைசி இரண்டும் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. இதைக் கேட்டதும் நான் கையெழுத்திட்ட அழிப்புப் பட்டியல்கள் கண்முன் வந்தன.

ஆகவே பாட்டன் பெயரைத் தேடும் அயர்லாந்துக்காரர் இன்று பண்ணை வாடகைப் பேரேட்டையும் கிரிஃபித் என்பவர் தலைமையில் அந்நாளில் எடுத்த நில மதிப்பீட்டையும் புரட்டுகிறார். குத்தகைக்காரர் பெயர், நிலம், ஆண்டுக்கு இரு தவணை, பாக்கி. அங்கே வாடகை பண்ணைக்கு, இங்கே கிஸ்தி என்னும் நிலவரி சர்க்காருக்கு. பாக்கிப் பத்தியில் வித்தியாசம் ஏதுமில்லை.

(நமக்கு அயர்லாந்து அப்படியொன்றும் அந்நியம் இல்லை. 1758-ல் நம் தேவனாம்பட்டினம் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லாலியின் தந்தைவழி, அயர்லாந்தின் கால்வே பகுதி. அவரை வந்தவாசியில் தோற்கடித்து 1761-ல் புதுச்சேரியையும் பிடித்த ஆங்கிலத் தளபதி அயர் கூட், அதே நாட்டின் லிமரிக் பகுதிக்காரர்.)

கணினியில் எல்லாம் ஏறிவிட்டதே என்பார்கள். இன்றைய பட்டாவும் நில விவரம் தரும் ‘அ’ பதிவேடும் இணையத்தில் கிடைக்கின்றன, மகிழ்ச்சி. தாத்தா எழுதிய ‘சாவி’ அங்கே இல்லை. நெய்வேலிச் சுரங்கத்துக்காக எழுந்துபோன ஊர்களை நினைத்துப் பாருங்கள். எந்த வாய்க்கால் எங்கே ஓடியது, யார் என்ன விதைத்தார் என்பதை இனி அந்த மண்ணைத் தோண்டிக் கண்டுபிடிக்க முடியாது. பழைய கணக்கில்தான் தேட வேண்டும்.

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1980-க்கு முந்தைய கிராமக் கணக்கு எதையும், எழும்பூர் ஆவணக் காப்பகத்தார் ஒருமுறை பார்க்காமல் கழிக்க வேண்டாம். கர்ணம் வீட்டுக் கட்டுகளைப் பெற்றுக்கொள்ள மஞ்சக்குப்பத்தில் ஓர் அறையும் ஒரு எழுத்தரும் போதும். போகிக்கு முன்னால் அந்த அறை திறந்தால் நல்லது. என் அடங்கலை முதல் ஆளாகக் கொண்டுவருகிறேன். ரசீது மட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பதிவறை எழுத்தர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.