துண்டு வெட்டும் நாளில் ஒரு தாளும் கொடுங்கள்: பிரதேச செயலாளர்களுக்கும் சுகாதாரப் பணிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பிரதேச செயலாளர்களுக்கும், மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும்,

மதிப்புக்குரியீர்,

புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, பாரிசவாதம் போன்ற பெருநோய் வந்த வீடுகளுக்குப் போய்ப் படிவம் நிரப்பிக் கொடுப்பது, கிளினிக்குக்குக் கூட்டிப்போவது, படுக்கையில் கிடப்பவரைப் பார்க்கும் முறையை வீட்டாருக்குக் காட்டிக்கொடுப்பது ஆகிய வேலைகளைச் செய்யும் தொண்டர்கள் நாங்கள். இந்த மடலில் புதிய கொடுப்பனவு எதையும் கேட்கவில்லை. இருக்கிற உதவி எது, அதை யாரிடம், எந்த நாளில், என்னென்ன கடதாசியோடு போய்க் கேட்க வேண்டும் என்பதை ஒரே தாளில் தமிழில் அச்சடித்து, நோய் உறுதியாகி, வாட்டிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே நோயாளியின் கையில் கொடுங்கள். எங்கள் கோரிக்கை அவ்வளவுதான்.

உதவியே இல்லை என்று சொல்ல மாட்டோம். இருக்கிறது, ஆனால் பல மேசைகளில் பிரிந்து கிடக்கிறது. மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி மத்திய அமைச்சின் கீழ். ஊர்ப்பக்கத்து வைத்தியசாலைகள் பெரும்பாலும் மாகாணத்தின் கீழ். நோய் உதவிப்பணம் மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் பொறுப்பு. வறிய குடும்பங்களுக்கான அஸ்வெசும உதவிப்பணம் நலன்புரி நன்மைகள் சபையின் பொறுப்பு. கல்முனைப் பக்கத்தவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: ஆஸ்பத்திரி அலுவல் கல்முனைப் பணிமனையோடு, கச்சேரி (மாவட்டச் செயலக) அலுவல் அம்பாறையோடு. டிஎஸ் ஒபிஸில் (பிரதேச செயலகத்தில்) என்ன படிவம் கிடக்கிறதென்று வாட்டில் நிற்கும் டொக்டருக்குத் தெரியாது. இன்று வாட்டிலிருந்து யார் வீட்டுக்கு வருகிறார் என்று சமூக சேவைகள் உத்தியோகத்தருக்குத் தெரியாது. இருவருக்கும் நடுவில் ஓடித் திரிவது நோயாளியின் மகளோ மனைவியோதான்.

காசு விடயத்தில்தான் குழப்பம் கூட. 2025 வரவு செலவுத் திட்டத்தில் சிறுநீரக நோயாளருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான மாதக் கொடுப்பனவு 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆகவும், முதியோர் கொடுப்பனவு 3,000 இலிருந்து 5,000 ஆகவும் கூட்டப்பட்டது. ஊரில் இது ‘நோயாளிகளுக்குப் பத்தாயிரம்’ என்று பரவிவிட்டது. மார்புப் புற்றுநோய் வந்த ஒரு பெண் அந்தப் பேச்சைக் கேட்டு டிஎஸ் ஒபிஸுக்கு வருகிறார். புற்றுநோய்க்கென்று அந்தத் திட்டத்தில் தனிப்பிரிவு இல்லாததால் “உங்களுக்கு இல்லை” என்ற பதிலோடு திரும்புகிறார். அதே கட்டடத்தில் சில மேசை தள்ளி இருக்கும் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம் புற்றுநோய், காசநோய், தொழுநோய், தலசீமியா ஆகியவற்றுக்கான மாகாண நோய் உதவிப்பணப் படிவம் இருப்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை. தொகை சிறிதுதான். ஆனாலும் கிளினிக்குக்குப் போய்வரும் ஓட்டோக் காசில் ஒரு பங்காவது அதில் தேறும். ‘இங்கே இல்லை, அங்கே போங்கள்’ என்று விரல் நீட்டிக் காட்டுவதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் இன்னமும் கொழும்புக்கு ஆள் அனுப்புகிற வீடுகள் உண்டு. சத்திரசிகிச்சைக்கான திகதியும் செலவு மதிப்பீடும் கிடைத்த கையோடு விண்ணப்பம் போக வேண்டும் என்பதையும் தாளில் தடித்த எழுத்தில் போடுங்கள். கடன்பட்டுக் கட்டி முடித்த பில்லைக் கொண்டுபோய் நிற்பவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள். அரச உத்தியோகத்தர் வீடென்றால் அக்ரஹார காப்புறுதி; தனியார் துறையில் நெடுங்காலம் வேலை செய்தவரென்றால் ஊழியர் சேமலாப நிதியிலிருந்து வைத்தியச் செலவுக்கு 30 வீதம் வரை முன்கூட்டி எடுக்கும் வழி. இவற்றுக்கு ஒவ்வொரு வரி போதும்.

அடுத்தது கடதாசி. விண்ணப்பம் திரும்பி வருவதற்கான காரணங்கள் எல்லா ஒபிஸிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலாவது பெயர். அடையாள அட்டையில் தகப்பன் பெயரோடு முழுப்பெயர் இருக்கும். ஆஸ்பத்திரி கொடுக்கும் டயக்னோசிஸ் கார்டில் (நோய் விபர அட்டையில்) ‘கண்மணி, 58’ என்று மட்டும் இருக்கும். இவர்தான் அவர் என்பதற்கு வேறு அத்தாட்சி இல்லாததால் படிவம் நின்றுவிடும். வாட்டிலிருந்து வெளிக்கிடுவதற்கு முன்பே முழுப்பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கார்டில் எழுதுவித்துக்கொண்டால் ஐந்து நிமிட வேலை. வெளியே வந்தபின் திருத்துவதென்றால் பதிவேட்டு அறைக்குக் கடிதம் கொடுத்து, பழைய கட்டுகளைக் கிளறி, சில வாரம் போய்விடும். இரண்டாவது முத்திரை. படிவத்தின் மருத்துவப் பகுதியில் வைத்திய நிபுணரின் கையொப்பம் இருக்கும், பதவி முத்திரை இராது. அந்த நிபுணரை மறுபடி பிடிக்க அடுத்த கிளினிக் வரவேண்டும், அதாவது இன்னொரு மாதம். இதனால்தான் வெற்றுப் படிவங்கள் டிஎஸ் ஒபிஸில் மட்டும் இருக்காமல் கிளினிக் தாதியர் மேசையிலும் இருக்க வேண்டும் என்கிறோம். முதல் கிளினிக்கிலேயே கையொப்பமும் முத்திரையும் விழுந்துவிட்டால் ஒரு முழுச் சுற்று மிச்சம்.

மூன்றாவது, எங்கள் பகுதிக்கே உரிய சிக்கல். இங்கே வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது. வயதும் நோயும் சேர்ந்தால் தாயோ தகப்பனோ ஏதாவதொரு மகள் வீட்டில் போய் இருப்பதும் வழக்கம். பதிவு ஆரையம்பதியில், ஆள் களுவாஞ்சிகுடியில். ‘என்ர பிரிவில ஆள் இல்லை’ என்பார் ஒரு ஜிஎஸ் (கிராம உத்தியோகத்தர்), ‘என்ர பிரிவில பதிவு இல்லை’ என்பார் மற்றவர். இரண்டும் உண்மைதான். படுக்கையில் கிடப்பவரின் பதிவை மாற்றச் சொல்லி அலைக்கழிப்பதற்குப் பதில், வசிப்பிடத்து ஜிஎஸ் பார்வையிட்டு எழுதும் உறுதிக்கடிதத்தைப் பதிவிடத்து ஒபிஸ் ஏற்றுக்கொள்ளும் என்று பிரதேச செயலாளர்கள் உங்களுக்குள் ஓர் இணக்கத்துக்கு வந்தால் போதும்.

இனிச் சுகாதாரப் பணிப்பாளர்களுக்கு.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து கீமோவுக்கு வருகிறவரின் நாளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இலகுதான். மண்டூர்ப் பக்கத்தவர் இன்னும் குருமண்வெளிக்குப் பாதை எனும் மிதவைப் படகில் ஆற்றைக் கடந்து, அதன்பின் பஸ் பிடிக்கிறார்கள். விடியமுன் வெளிக்கிட்டு வந்து, இரத்தம் கொடுத்துக் காத்திருந்தால், வெள்ளணு குறைவு, இன்று ஏற்ற முடியாது, அடுத்த வாரம் வாருங்கள் என்று பதில் வரும். கீமோவுக்கு முன் இரத்த அணுக்கள் தேறியிருக்க வேண்டும் என்பது சரி. அந்த இரத்த அணு எண்ணிக்கைப் (எஃப்.பி.சி.) பரிசோதனையை முதல்நாளோ அதற்கு முதல்நாளோ களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று போன்ற கிட்டிய ஆதார வைத்தியசாலையில் செய்து, முடிவைத் தொலைபேசியில் சொல்லலாம்தானே? எந்த வைத்தியசாலை ஆய்வுகூடம் எந்த நாட்களில், எத்தனை மணிவரை இரத்தம் எடுக்கும் என்ற விபரம் தாளில் இருந்தால் வீண் பயணம் பாதியாகக் குறையும்.

கீமோவுக்குப் பிறகு வரும் காய்ச்சலைப் பற்றியும் அதே தாளில் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். மருந்து ஏற்றி ஏறத்தாழ 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணு ஆகக் குறைந்து நிற்கும். அந்த நேரத்தில் 38 பாகை செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுப் படுத்துக் கிடப்பதும், ஊர் டிஸ்பென்சரியில் ஊசி போட்டுக்கொண்டு வருவதும் ஆளைக் கொல்லும். இரவென்றாலும் உடனே ஆஸ்பத்திரி. போனதும் சொல்ல வேண்டிய முதல் வசனம் ‘கீமோ எடுக்கிற ஆள்’. கூட்டத்தில் ஒதுக்கிவிடாமல் வெளிநோயாளர் பிரிவிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் அந்த வசனத்துக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்லி அறிவுறுத்துங்கள்.

வலி மருந்துக்கு வருவோம். எங்களுக்கு மனம் ஆகக் கசக்கிற இடம் இதுதான். வாயால் எடுக்கும் மோர்ஃபீன் குளிசை அரச வைத்தியசாலை மூலம்தான் மக்களுக்குக் கிடைக்கிறது. ஊர்ப் பார்மசியில் கேட்டுப் பயனில்லை. இரண்டு கிழமைக்கு மருந்தும் நாலு கிழமைக்குக் கிளினிக் திகதியும் கொடுத்து அனுப்பினால், மூன்றாம் கிழமை அந்த வீட்டில் யாரும் நித்திரை கொள்ள முடியாது. அடுத்த கிளினிக் வரைக்கும், அதற்கு மேல் பஸ் ஓடாத நாளுக்கென்று சில நாளுக்கும் சேர்த்துக் கொடுப்பதே முறை. எந்தெந்த ஆதார வைத்தியசாலையில் மோர்ஃபீன் இருப்பில் உண்டு, எந்தப் பதவியிலுள்ள டொக்டர் எழுதிக் கொடுக்கலாம் என்ற பட்டியலும் தாளில் வரவேண்டும்.

மருந்து கையில் இருந்தும் வீட்டில் குழம்புவது மூன்று விடயத்தில். சாதாரண மோர்ஃபீன் குளிசையின் வேலை ஏறத்தாழ நாலு மணித்தியாலம்தான். ஆகவே வலி வந்தபின் கொடுப்பதல்ல, நேரத்துக்கு நேரம் கொடுப்பது. இரண்டாவது, மோர்ஃபீன் எடுப்பவருக்கு மலச்சிக்கல் பெரும்பாலும் வந்தே தீரும். மலமிளக்கியும் முதல் நாளிலிருந்தே சேர்த்து எழுதப்பட வேண்டும். எழுதாவிட்டால் ஐந்தாம் ஆறாம் நாளில் வயிறு ஊதி, ‘இந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று வீட்டார் நிறுத்திவிடுவார்கள். பல நாள் எடுத்ததைத் திடீரென்று நிறுத்தினால் வலியோடு நடுக்கம், வியர்வை, வயிற்றோட்டமும் சேரும். மூன்றாவது, ‘இது கடைசி மருந்து’ என்ற பயம். அளவறிந்து கொடுத்தால் வலியைத் தணிக்கும் மருந்துதான் இது, ஆயுளைக் குறைப்பதல்ல என்று வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் வாயால் சொன்னால்தான் வீட்டிலுள்ள பெரியவர்கள் ஏற்பார்கள். நாங்கள் சொல்லி எடுபடுவதில்லை.

வீட்டுக்கு வரும் உபகரணங்களைப் பற்றியும் ஒன்றிரண்டு. காற்று மெத்தை கிடைத்துவிட்டால் படுக்கைப் புண் வராது என்று நினைத்து ஆளைத் திருப்புவதை விட்டுவிடுகிறார்கள். மெத்தை இருந்தாலும் இரண்டு மணிக்கொருதரம் திருப்ப வேண்டும். குதிக்காலும் இடுப்பின் பின்பக்கமும்தான் முதலில் சிவக்கும். ஒட்சிசன் செறிவாக்கி கொடுக்கும்போது மின்சாரக் கட்டணத்தை யாரும் சொல்வதில்லை. நிமிடத்துக்கு 5 லீற்றர் தரும் இயந்திரம் ஏறத்தாழ 350 வாற் இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் நாளுக்கு 8 அலகு, மாதத்துக்கு 250 வரை. 180 அலகைத் தாண்டியதும் வீட்டுப் பாவனையின் ஆகக்கூடிய கட்டண வீதம் விழும். பில்லுக்குப் பயந்து இரவில் நிறுத்திவைக்கிறார்கள், அது ஆபத்து. கரண்ட் போனால் பாவிக்க ஒரு சிலிண்டரும், மின்தடையை அறிவிக்கும் 1987 இலக்கமும் இயந்திரத்தோடு சேர்ந்து போகட்டும். ஆள் இறந்தபின் மெத்தையும் சக்கர நாற்காலியும் கொமட் கதிரையும் பத்தியில் தூசி பிடித்துக் கிடக்கின்றன. திருப்பிக் கொடுக்க ஓரிடமும் ஒரு கொப்பியும் பிரதேச வைத்தியசாலையில் இருந்தால், கொடுக்க மனமுள்ளவர்கள் நிறையப் பேர். ஊரிலுள்ள பள்ளிவாசல் ஸகாத் நிதியங்கள், கோயில் பரிபாலன சபைகள், கோயிற்பற்றுச் சபைகளும் இவற்றை வாங்கிக் கொடுக்கின்றன; யாரிடம் என்ன உண்டென்று ஒரே கொப்பியில் இருந்தால் ஒரே வீட்டுக்கு இரண்டு நாற்காலி போகாது.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், ஆனால் அவசரத்துக்கு மட்டும். கிளினிக்குக்குக் கூட்டிப்போக வராது. அழைக்கும்போது கிராமப் பெயரோடு பக்கத்துக் கோயிலையோ பள்ளிக்கூடத்தையோ சொல்லப் பழக்க வேண்டும்.

கார்த்திகை தொடக்கம் தை வரைக்கும் வெள்ளக் காலம். கிரான் பக்கத்தில் புலிபாய்ந்தகல் வீதி தண்ணீரில் மூழ்கினால் தோணிதான். கிழமைக்கு இரண்டு மூன்று தரம், தரத்துக்கு நாலு மணித்தியாலம் இரத்தச் சுத்திகரிப்புச் செய்கிறவர் ஒரு தவணை தவறினாலே மூச்சுத் திணறும். ஒவ்வொரு டிஎஸ் பிரிவிலும் இரத்தச் சுத்திகரிப்பு, வீட்டு ஒட்சிசன், மோர்ஃபீன் ஆகிய மூன்றிலும் தங்கியிருப்போரின் பட்டியலைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஐப்பசியிலேயே அனர்த்த முகாமைத்துவ உத்தியோகத்தரிடம் கொடுக்கட்டும். எச்சரிக்கை வந்ததும் இவர்களைத்தான் முதலில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் எடுக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கமும் தாளில் இருக்கட்டும்.

தாளைப் பற்றி ஒரு சொல். ஏ4 அளவில் இரு பக்கம் போதும், எழுத்து பெரிதாக இருக்கட்டும். உத்தியோகத்தர்களின் பெயரைப் போடாதீர்கள். இடமாற்றம் வந்தால் தாள் பிழையாகிவிடும். பதவியும் மேசைத் தொலைபேசி இலக்கமும் வெளிக்களத்துக்குப் போகாமல் ஒபிஸில் இருக்கும் கிழமை நாளும் போடுங்கள். வருடத்தில் இரண்டு தரம் திருத்த வேண்டிய பொறுப்பை ஒரு பதவிக்கு எழுத்தில் கொடுங்கள். ‘எல்லாரும் பார்க்கலாம்’ என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். நடமாடும் சேவை நடக்கும் இடங்களிலும், குடும்பநல மாதுவின் பையிலும், கிளினிக் மேசையிலும் கட்டுக்கட்டாக இருக்கட்டும்.

மாதிரித் தாள் ஒன்றைத் தயாரித்து வைத்திருக்கிறோம். தொலைபேசி இலக்கத்துக்கும் நாளுக்கும் உரிய பெட்டிகள் மட்டும் வெறுமையாக உள்ளன. அவற்றை நிரப்ப வேண்டியது நீங்கள். ஒவ்வொரு பிரதேச செயலகத்துக்கும் கொண்டுவந்து தரத் தயார். எந்த நாளில் யாரைச் சந்திக்கலாம் என்று மட்டும் அறியத்தாருங்கள்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வீட்டோடு கிடக்கும் நோயாளரைப் பார்க்கும் தொண்டர்கள்