அம்மாவின் சுங்குடிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு வந்திருந்த எல்லோரும் அந்த அரக்கு நிறக் கரடி பொம்மையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "நீங்களா தைச்சீங்க?" என்று கேட்டார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டேன். வீடு நிறையக் கூட்டம், கேக் வெட்டும் நேரம் வேறு. எல்லோரும் போன பிறகு மனசு உறுத்தியது. நான் மட்டும் தைத்த பொம்மை இல்லை அது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

பொம்மைக்கு வெட்டியது அம்மாவின் மதுரைச் சுங்குடிச் சேலை. 1964இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி சிங்கப்பூருக்கு வந்தபோது அம்மாவின் தகரப் பெட்டியில் இருந்த ஆறு சேலைகளில் ஒன்று. 1966இல் நான் இங்கே கேகே மகப்பேறு மருத்துவமனையில் பிறந்தேன். அந்த ஒரே ஆண்டில் அங்கே ஏறத்தாழ 40,000 பிள்ளைகள் பிறந்து, அது கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. கட்டில் கிடைப்பதே பெரும்பாடு என்று அம்மா சொல்வார். தஞ்சோங் பகார் துறைமுகக் குடியிருப்புக்கு என்னைத் தூக்கி வந்த அன்றே அந்தச் சுங்குடியில் தூளி கட்டினார்களாம். எனக்குப் பிறகு தம்பிக்கு, அப்புறம் தங்கைக்கு. மூன்று பேரையும் சுமந்த சேலை.

என் மகள் உண்டாகியிருந்தபோது, "பிள்ளை பிறந்ததும் என் சுங்குடியிலதான் தூளி கட்டணும்" என்று அம்மா சொல்லிவிட்டார். அவர் காலமான மூன்றாம் மாதம் பேத்தி பிறந்தாள்.

முதல் நன்றி, தேக்கா சென்டர் மாடியில் தையல் கடை வைத்திருக்கும் தம்பிக்கு. தூளிக்கு ஓரம் அடித்துத் தரச் சொல்லித்தான் சேலையை உங்களிடம் கொண்டு வந்தேன். நீங்கள் மிஷினில் வைக்கவில்லை. டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தீர்கள். வெளிச்சம் சல்லடை போல வந்தது. இரண்டு கட்டை விரலாலும் லேசாக விலக்கினீர்கள், கிழியும் சத்தம்கூட இல்லாமல் நூல் நூலாகப் பிரிந்தது. "அக்கா, துணி இத்துப்போச்சு. இதுல பிள்ளையப் போடாதீங்க" என்றீர்கள். கடையில் ஆள் நிற்கும்போதே நான் அழுதேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தீர்கள். "பாரம் தாங்காது. பொம்மையா தைச்சா தாங்கும்க்கா, பின்னாடி கேன்வாஸ் ஒட்டிக்கலாம்" என்று சொன்னதும் நீங்கள்தான். அரை மணி நேரம் செலவழித்து, எந்த இடம் தேறும் என்று சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தீர்கள். முந்தானையும் கீழ் ஓரமும் போய்விட்டன. கொசுவத்துக்குள் மடிந்து வெயில் படாமல் கிடந்த பகுதிதான் மிச்சம். அதற்குக் கூலியாக ஒரு வெள்ளிகூட வாங்கவில்லை. அன்று நீங்கள் பேசாமல் ஓரம் அடித்துக் கொடுத்திருந்தால் நான் பிள்ளையை அதில் போட்டிருப்பேன். நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

சேலையை வெட்டலாமா என்பதே அடுத்த கேள்வியாகிவிட்டது. இறந்தவர் துணியை வீட்டில் வைக்கக் கூடாது, அதுவும் பச்சைப் பிள்ளை பக்கத்தில் வைக்கவே கூடாது என்று சொந்தத்தில் சிலர் சொன்னார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை, பிள்ளையின் நன்மைக்குத்தான் சொன்னார்கள். அத்தை, நீங்கள் ஒரு வார்த்தையில் அதை முடித்து வைத்தீர்கள். "அண்ணி பேரன் பேத்தியெல்லாம் பார்த்து நிறைஞ்சு போனவ. அவ சேலை பிள்ளைக்கு ஆசீர்வாதம்டி. வெட்டு" என்றீர்கள். முதல் வெட்டை நீங்கள்தான் வெட்ட வேண்டும் என்று கேட்டேன். நடுங்கும் கையோடு ஒரு விரல் நீளம் வெட்டிக் கொடுத்தீர்கள்.

சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளக்ஸில் துணிக்கடை வைத்திருக்கும் ஆன்டிக்கு நன்றி. அயர்ன் சூட்டில் துணியின் பின்பக்கம் ஒட்டும் கேன்வாஸ் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துப் போனேன். அவர் மூன்று வகையை எடுத்து, நான் கொண்டு போன துண்டிலேயே ஒவ்வொன்றாக ஒட்டிக் காட்டினார். கனமானதை ஒட்டியதும் சுங்குடி அட்டை போல விறைத்துவிட்டது. இருப்பதிலேயே மெல்லிய, நெய்த பருத்தி வகையை ஒட்டியபோதுதான் துணி துணியாகவே இருந்தது. அயர்ன் பாக்ஸை இழுத்துத் தேய்க்கக் கூடாது, ஈரத்துணியை மேலே போட்டு வைத்து அழுத்தி, எடுத்து அடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்று செய்து காட்டினார். இழுத்திருந்தால் அந்தப் பழைய நூலெல்லாம் கோணிக்கொண்டு போயிருக்கும்.

சமூக மன்றத் தையல் வகுப்பு டீச்சருக்கும், சனிக்கிழமை காலைகளில் என்னோடு உட்கார்ந்த மூன்று தோழிகளுக்கும் நான் பட்ட கடன் பெரிது. பழைய படுக்கை விரிப்பில் ஒரு பொம்மை தைத்துப் பழகிய பிறகுதான் சேலையைத் தொடவிட்டார்கள். அப்படியும் தப்பு செய்தேன். உடம்புக்கு இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று வெட்ட வேண்டும். பேப்பர் பேட்டர்னைத் திருப்பிப் போடாமல் இரண்டையும் இடது பக்கமாகவே வெட்டிவிட்டேன். வெறும் சுங்குடி என்றால் புரட்டிப் போட்டால் போதும், முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கிய துணிக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். நான்தான் முதலிலேயே கேன்வாஸை ஒட்டிவிட்டேனே! அந்த அளவுக்கு இன்னொரு துண்டு சேலையில் இல்லை. டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. மிச்சம் கிடந்த இரண்டு ஒல்லித் துண்டுகளை வாங்கி, சுங்குடிப் புள்ளிகள் வரிசை தப்பாமல் சேர்த்து இணைத்து, வலது பக்கத்தை உண்டாக்கிக் கொடுத்தார். பொம்மையின் முதுகில் தெரியும் மெல்லிய தையல் அதுதான். தப்பாக வெட்டிய துண்டு காதாகவும் உள்ளங்கையாகவும் ஆனது.

நான் மாக்சிக் என்று கூப்பிடும் எதிர்வீட்டு மலாய் அம்மா, உங்கள் சிங்கர் மிஷின் இரண்டு மாதம் என் வீட்டில் இருந்தது. ஹரி ராயா பெருநாளுக்கு நீங்கள் தைக்க இருந்த திரைச்சீலைகூட அதனால் தள்ளிப்போனது, நீங்கள் அதைச் சொல்லவே இல்லை. உங்கள் பேரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தலைக்கு நடுவில் வரும் பட்டையை, மூக்கிலிருந்து பிடரி வரை, முதலில் கையால் ஓட்டுத்தையல் போட்டுவிட்டு அப்புறம் மிஷினில் வை என்று நீங்கள் சொன்னபடி செய்ததால்தான் முகம் கோணாமல் வந்தது. "பெலான், பெலான்" (மெல்ல, மெல்ல) என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். பஞ்சை மொத்தமாகத் திணிக்கப் போன என் கையைப் பிடித்து, சாப்ஸ்டிக் நுனியில் கொஞ்சம் கொஞ்சமாக முதலில் மூக்குக்கு, அப்புறம் கை கால் நுனிகளுக்கு என்று அனுப்பக் கற்றுக் கொடுத்தீர்கள். பாதித் தலையணைப் பஞ்சு உள்ளே போயிருக்கும். ஒரு தையலும் விடவில்லை.

என் மகளுக்கும் ஒரு வார்த்தை. பொம்மைக்கு உள்பக்கம் கொடுத்தது அம்மாவின் நைட்டி. அதில் கோடாலித் தைல வாசம் அப்படியே இருந்தது. துவைக்க எனக்கு மனசு வரவில்லை. கற்பூரமும் மென்தாலும் கைப்பிள்ளைக்கு ஆகாது என்று நீ பொறுமையாக எடுத்துச் சொன்னாய். மூன்று தண்ணீரில் அலசினோம். துவைப்பதற்கு முன்னால் கைக்குட்டை அளவு ஒரு துண்டை நறுக்கி, மூடி போட்ட டப்பாவில் வைத்து எனக்குக் கொடுத்தாயே, அந்த டப்பா என் தலைமாட்டில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் கண் வேண்டாம், பிய்ந்து வந்தால் பிள்ளை விழுங்கிவிடும் என்று சொன்னதும் நீதான். கறுப்பு நூலிலேயே கண்ணையும் மூக்கையும் போட்டேன். இடது கண்ணை நான்கு தடவை பிரித்துப் போட்டேன். அம்மாவுக்கு இடது கண் கொஞ்சம் சிறிது. கடைசியில் அது எப்படியோ அமைந்துவிட்டது.

பேத்தி இப்போது அதன் காதை வாயில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். காது ஊறி நிறம் வெளுத்திருக்கிறது.

சேலையில் இரண்டு சாண் நீளத்துக்கு ஒல்லியாகத் துணி மீதி இருக்கிறது, அத்தை. ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டீர்களே, அது உங்களுக்குத்தான். ஓரம் மடித்துத் தைத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வருகிறேன்.