கல் தூசி: ஞாயிறு நுரையீரல் பரிசோதனை

எல்லோருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு (15ஆம் தேதி) காலை 9 முதல் 1 மணி வரை நம்ம தெரு சமுதாயக் கூடத்தில் நெஞ்சு எக்ஸ்ரே, மூச்சுப் பரிசோதனை நடக்கிறது. கட்டணம் இல்லை. மாமல்லபுரம் பட்டறைகளில் கல் வேலை பார்க்கும் எல்லோரும் கட்டாயம் வரவும். மெருகு போடும் பெண்களும்தான்.

உளி மட்டும் இருந்த காலத்தில் சில்லுதான் அதிகம் தெறிக்கும். கிரைண்டர் வந்த பிறகு சாயங்காலம் இமை முடியெல்லாம் வெள்ளையாகிவிடுகிறது. அதைவிட, கண்ணுக்கே தெரியாத தூசிதான் நுரையீரலின் அடிவரை போகும். கருங்கல்லில் உள்ள சிலிக்கா அது. அதனால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. காசநோயும் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும்.

1. பழைய எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு கொண்டுவரவும்.
2. எத்தனை வருடம், என்ன வேலை என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். என் அண்ணன் சொல்லவில்லை. இரண்டு வருடம் வெறும் இருமல் மருந்திலேயே போய்விட்டது.
3. மூக்கில் துண்டு கட்டுவது போதாது. என்-95 மாஸ்க் மொத்தமாக வாங்கலாம், எத்தனை வேண்டும் என்று எழுதுங்கள்.
4. முடிந்த இடத்தில் தண்ணீர் விட்டு அறுக்கும் மெஷினையே பயன்படுத்துங்கள்.
5. வேலைத் துணியை வீட்டுக்குள் உதறாதீர்கள், குழந்தைகள் இருக்கிறார்கள். வாசலிலேயே நனைத்துவிடுங்கள்.

வெள்ளி இரவு 8 மணிக்குள் பெயர், வயது, வேலை செய்த வருடங்கள் மூன்றையும் இங்கே பதிவிடவும். போன் இல்லாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பதில் போடுங்கள்.