ராத்திரியே பாதிச் சமையல்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. எனக்குத் தங்கச்சி மாதிரியான உன் மனைவிக்குத் திருச்சிக்கு மாற்றலாகி, சனி ஞாயிறு மட்டும்தான் வீட்டுக்கு வருகிறாள் என்று படித்ததும் எனக்கு அம்மாவைப் பற்றித்தான் முதலில் கவலை வந்தது. இந்த வயதில், சர்க்கரையையும் வைத்துக்கொண்டு, அவர்களை விடியற்காலையில் அடுப்படியில் நிற்க விடமாட்டேன் என்று நீ எழுதியிருந்தது மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் தினமும் கடை இட்லியும், வேன் ஹாரன் கேட்டதும் பிள்ளைகள் கையில் திணிக்கிற பிரெட்டும் எத்தனை நாளைக்குத் தாங்கும்? அதிலும் பெரியவன் பத்தாவது படிக்கிறான். வெறும் வயிற்றோடு கணக்குப் பாடத்தில் உட்கார்ந்தால் என்ன ஏறும்?

இங்கே காலை ஷிப்ட் உள்ள நாளில் என் மனைவி ஆறரைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவாள் என்பது உனக்குத் தெரியும். காலை அடுப்பு பல வருஷமாக என் பொறுப்புதான். அதனால் காலைச் சமையலை எப்படிச் சமாளிப்பது என்று நீ கேட்டதற்கு மேலேயே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

காலையில் முக்கால்வாசி நேரத்தைத் தின்பது "இன்னைக்கு என்ன பண்றது" என்கிற யோசனைதான். அதை ராத்திரியே முடித்துவிட வேண்டும். கிழமைக்கு ஒன்று என்று தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடு. அரசுப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15 அன்று எங்கள் மதுரையில்தான் தொடங்கினார்கள். அப்போது போட்ட பட்டியலைப் பார்த்துத்தான் நானும் என் பட்டியலை ஒழுங்குபடுத்தினேன். அரசுப் பட்டியலில் திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல், வியாழன் மறுபடி உப்புமா, வெள்ளி கிச்சடியோடு ஓர் இனிப்பு. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ சேமியாவோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, கூடவே அந்தந்த ஊரில் கிடைக்கிற காய். கவனித்தாயா, எல்லாமே ஒரே பாத்திரத்தில் வேகிற சாப்பாடு. கல்லுக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகச் சுட வேண்டியது ஒன்றுகூட இல்லை. நூறு பிள்ளைகளுக்குச் செல்லுபடியாகிற யோசனை உன் வீட்டு இரண்டு பிள்ளைகளுக்கும் செல்லும்.

சரி, மாவிலிருந்து ஆரம்பிப்போம். சனிக்கிழமை சாயங்காலம் அரைத்துவிடு. நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். நாலு மணி நேரம் ஊறினால் போதும். உளுந்தைக் கிரைண்டரில் தனியாகப் போட்டு, குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, அரை மணி நேரம் ஆட்டு. ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். சோடா உப்பு, ஈஸ்ட் எதுவும் வேண்டாம். புளிக்க வைக்கிற பாக்டீரியா உளுந்தோடும் அரிசியோடும் தானாகவே வருகிறது. அது விடுகிற காற்றை உளுந்தின் வழவழப்பு பிடித்து வைத்துக்கொள்வதால்தான் மாவு பொங்குகிறது. அதனால் உளுந்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதே.

இப்போது முக்கியமான விஷயம். அரைத்த மாவு முழுவதையும் ஒரே சமயத்தில் புளிக்க விடாதே. உப்புப் போட்டுக் கரைத்ததும் பாதியை எடுத்து மூடி, அப்படியே ஃபிரிட்ஜில் வைத்துவிடு. வெளியே இருக்கிற பாதி சென்னைப் புழுக்கத்துக்கு எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். ஞாயிறு, திங்களுக்கு அது. மற்றப் பாதியைச் செவ்வாய் சாயங்காலம் வெளியே எடுத்து வைத்தால் புதன்கிழமை காலை புது மாவு மாதிரியே இட்லி வரும். வியாழன் தோசை. வெள்ளிக்கிழமை மாவு கொஞ்சம் புளித்திருக்கும். அதில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையை வதக்கிப் போட்டுக் குழிப்பணியாரம் ஊற்று. வேனில் உட்கார்ந்துகூடப் பிள்ளைகள் கையால் எடுத்துச் சாப்பிடலாம், சிந்தாது. அரைக்க முடியாத வாரம் கடை மாவு வாங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது, பாக்கெட்டில் தேதி மட்டும் பார்த்துக்கொள்.

இட்லிப் பானையை நீ இன்னும் பாதிதான் பயன்படுத்துகிறாய் என்று நினைக்கிறேன். தட்டை வைக்கும் முன்பே, தண்ணீர் பச்சையாக இருக்கும்போதே, அடியில் நாலு முட்டையைப் போட்டுவிடு. இட்லி இறங்கும்போது முட்டையும் வெந்திருக்கும். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. வெறும் இட்லி சாப்பிட்ட பிள்ளைக்குப் பத்து மணிக்கே பசிக்கும், முட்டையும் சேர்ந்தால் மத்தியானம் வரை தாங்கும். முட்டை வேண்டாம் என்று சின்னவள் அடம்பிடிக்கிற நாளில், மேல்தட்டில் ஒரு நேந்திரம் பழத்தைத் தோலோடு இரண்டாக நறுக்கி வை. நாகர்கோவில் பக்கம் காலையில் அவித்த பழம் சாதாரணம். ஆவியில் வெந்த பழத்தின் இனிப்பே தனி.

சட்னிக்குத்தான் உனக்கு நேரம் போகிறது என்று எழுதியிருந்தாய். தேங்காயை ஞாயிற்றுக்கிழமையே துருவிச் சின்னச் சின்ன டப்பாக்களில் ஃபிரீசரில் வைத்துவிடு. வேலை நாளில் பொடியே போதும். டிபன் பாக்ஸுக்கு இட்லி என்றால், ஆறின இட்லியின் இரண்டு பக்கமும் நல்லெண்ணெய் தடவிப் பொடியில் புரட்டி அடுக்கு. மத்தியானம் வரை மெத்தென்று இருக்கும். பொடி அளவு கீழே எழுதியிருக்கிறேன்.

அம்மாவுக்கு இட்லியை விடப் பச்சைப்பயறு தோசை நல்லது. ஒரு டம்ளர் பயறும் ஒரு கைப்பிடி அரிசியும் ராத்திரி ஊறப்போட்டுவிட்டுப் படுத்துக்கொள். காலையில் இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம், உப்போடு மிக்ஸியில் ஒரு சுற்று. புளிக்கவே வேண்டாம், உடனே ஊற்றலாம். 100 கிராம் பயறில் 20 கிராமுக்கு மேல் புரதம், நார்ச்சத்தும் உண்டு, சர்க்கரை சட்டென்று ஏறாது. கேழ்வரகுக் கஞ்சி கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். கால்சியத்துக்குக் கேழ்வரகை அடிக்கத் தானியம் கிடையாது, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆனால் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை ஏற்றிவிடும். முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு அடையாகத் தட்டிக் கொடு. கஞ்சியைப் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்.

உப்புமா என்றால் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள் என்றாய். ஒரு கிலோ ரவை வாங்கியதும் மொத்தத்தையும் மணம் வரும்வரை வறுத்து டப்பாவில் கொட்டி வை. ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது தீயைக் குறைத்து, ஒரு கையால் தூவிக்கொண்டே மறு கையால் கிளறு. காரட், பீன்ஸ், பட்டாணி போட்டு மஞ்சள் சேர்த்தால் கிச்சடி, கடைசியில் நெய் ஒரு ஸ்பூன். அப்புறம் பார், தட்டு காலியாகும். அவல் இன்னும் சுலபம். கெட்டி அவலை அலசி ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, தாளித்து எலுமிச்சை பிழிந்தால் முடிந்தது. பொங்கலை மட்டும் பரீட்சை நாளில் வைக்காதே, பையன் தூங்கி வழிவான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தங்கச்சி வாரம் முழுவதும் ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வருகிறாள். அன்றைக்குக் காலைப் பலகாரம், மத்தியானச் சாப்பாடு என்று இரண்டு வேளை அடுப்பில் நிற்காமல், பத்தரை மணிக்கு எல்லோரும் உட்கார்ந்து ஒரே வேளையாக நிதானமாகச் சாப்பிடுங்கள். எங்கள் ஊர்க் கறிதோசையைச் செய்து பார். சனிக்கிழமை ராத்திரியே கொத்துக்கறியைக் குக்கரில் வேகவைத்து, வெங்காயம், மிளகு, சோம்பு போட்டுத் தண்ணீர் சுண்டுகிற வரை வதக்கி வைத்துவிட வேண்டும். ஞாயிறு காலையில் கல்லில் மாவை ஊத்தப்பம் போலக் கனமாக ஊற்று, மேலே ஒரு முட்டையை அடித்துப் பரப்பு, அது இறுகும் முன்பே கறியைத் தூவி அழுத்திவிடு. ஓரத்தில் நல்லெண்ணெய் விட்டு, அடி சிவந்ததும் ஒரே திருப்பு. கறி கல்லில் படும்போது எழுகிற வாசனைக்குப் பிள்ளைகள் தானாக எழுந்து வந்துவிடுவார்கள். அம்மாவுக்குப் பயறு தோசை மேல் அதே கறியைக் கொஞ்சமாக வை.

பெரியவனையும் இதில் சேர்த்துக்கொள். ராத்திரி ஊறப்போடுவது அவன் வேலை, காய் நறுக்குவது சின்னவள் வேலை. என் மகள் பத்து வயதில் பயறு அளந்துபோட ஆரம்பித்தவள். இப்போது கோயம்புத்தூரில் தோழிகளோடு வீடு எடுத்துத் தங்கிப் படிக்கிறாள், சமையல் அவள் கையில்தான். போன வாரம் போனில் அடைக்கு அளவு கேட்டாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இங்கே எல்லோரும் நலம். மாடியில் ஒழுகின இடத்தை ஒருவழியாகப் பூசியாகிவிட்டது. தீபாவளிக்கு நீங்கள் எல்லோரும் மதுரைக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல், தங்கச்சிக்குத் திருச்சியிலிருந்து வருவது சுலபம். அம்மாவின் கால் வீக்கம் எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது.

உன் பழைய அறைத் தோழன்.

பி.கு.: பொடிக்கு உளுந்து ஒரு டம்ளர், கடலைப்பருப்பு அரை டம்ளர், காய்ந்த மிளகாய் பதினைந்து, எள் கால் டம்ளர், கட்டிப் பெருங்காயம் சுண்டைக்காய் அளவு, கல்லுப்பு. எல்லாவற்றையும் தனித்தனியாக வறு. எள்ளுக்கு எண்ணெய் வேண்டாம், படபடவென்று வெடித்ததும் இறக்கிவிடு. மற்றதெல்லாம் அரைபட்ட பிறகு கடைசியாக எள்ளைப் போட்டு ஒரே ஓட்டு ஓட்டு. அதிகம் ஓட்டினால் எண்ணெய் விட்டுப் பொடி கட்டிப்போகும்.