வெளியூரில் உறுப்பினர் சலுகை மறுக்கப்பட்டது குறித்துப் புகார்

அனுப்புநர்:
ஆண்டு உறுப்பினர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.
(பெயர், உறுப்பினர் எண், கைபேசி எண் இணைப்பில் உள்ளன)

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
வாடகை சைக்கிள் நிறுவனம், பெங்களூரு.

பொருள்: ‘எல்லா நகரமும்’ திட்டத்தில் சேர்ந்த என்னிடம் சென்னையில் ரூ.466 பிடித்தம் செய்தது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். சென்ற டிசம்பர் 24 முதல் 28 வரை சென்னை திருவான்மியூரில் என் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். அந்த நாட்களில் உங்கள் சைக்கிளை எட்டு முறை எடுத்தேன். எதுவும் முப்பது நிமிடத்தைத் தாண்டவில்லை. என் திட்டத்தின்படி எட்டுக்கும் ஒரு பைசா வந்திருக்கக் கூடாது. ஆனால் உறுப்பினர் அல்லாதவருக்கான கட்டணத்தில், பூட்டுத் திறக்கப் பத்து ரூபாய், நிமிடத்துக்கு இரண்டு ரூபாய் என்று மொத்தம் 466 ரூபாய் என் வாலட்டிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். அதைத் திருப்பித் தரக் கேட்டு டிசம்பர் 29 அன்று எழுதினேன். ஜனவரி 7 அன்று வந்த பதிலில் “சலுகைகள் ஹோம் சிட்டியில் மட்டுமே”, அதாவது செயலியில் என் ஊராகப் பதிவான நகரத்தில் மட்டுமே, என்று ஒரே வரி இருந்தது. அதை ஏற்க முடியாததால் இந்தக் கடிதம்.

நான் இந்தத் திட்டத்தில் சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிக்கும் வேலை பார்க்கிறேன். மாதத்தில் மூன்று நான்கு நாள் பெங்களூரு போக வேண்டும், எப்போதாவது சென்னைத் துறைமுகத்துக்கும். காலையில் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி பொம்மசந்திராவில் இறங்குவேன். சென்ற ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ ஓடத் தொடங்கியதிலிருந்து மிச்சத் தூரத்துக்கு அதுதான். ஆனால் மெட்ரோவில் இறங்கிய பிறகும் நான் போக வேண்டிய அலுவலகம் இரண்டரை கிலோமீட்டர். அந்த இரண்டரை கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர்களிடம் பேரம் பேசியே என் பொழுது போய்க்கொண்டிருந்தது. ஸ்டேஷன் வாசலில் உங்கள் சைக்கிள்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்து, செப்டம்பர் 12 அன்று சேர்ந்தேன்.

அன்றைக்கு உங்கள் செயலியில் இரண்டு திட்டங்கள் இருந்தன. ‘ஒரு நகரம்’ 999 ரூபாய். ‘எல்லா நகரமும்’ 1,499 ரூபாய். இரண்டாவதன் கீழே, எங்கள் சைக்கிள் ஓடும் எந்த ஊரிலும் பூட்டுத் திறப்பு இலவசம், ஒவ்வொரு பயணத்திலும் முதல் 30 நிமிடம் இலவசம், மாதம் இரண்டு முறை கூட வருபவருக்கும் இலவசம் என்று எழுதியிருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன், இணைத்துள்ளேன். ஐந்நூறு ரூபாய் கூடுதல் என்று யோசித்தேன்தான். சென்னைக்கும் போகிறவள் என்பதால் அதையே எடுத்தேன். அந்த ஐந்நூறு ரூபாயை நான் கொடுத்தது வெளியூருக்காக மட்டுமே.

சென்னையில் நடந்தது இது. 24-ஆம் தேதி மாலை, 24 நிமிடம், 58 ரூபாய். மறுநாள் ரயில் நிலையம் போய் வந்தது 48, 64. அதற்கு மறுநாள் அடையாறு போய் வந்தது 54, 62. சனிக்கிழமை விடியற்காலை தங்கை மகன் “பெரியம்மா, நானும் வரேன்” என்றான். அவனுக்கும் என் கணக்கிலேயே ஒரு வண்டி எடுத்துக் கொடுத்தேன். இருவரும் எலியட்ஸ் கடற்கரையில் ஷ்மிட் நினைவுச் சின்னம் வரை ஓட்டிப் போனோம், ஆளுக்கு 66. அவன் நண்பர்களோடு அங்கேயே இருந்துவிட்டான், நான் மட்டும் திரும்பினேன், 48.

இத்தனை நாளும் ஏன் கவனிக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கவனிக்க நீங்கள் வழி வைக்கவில்லை. வண்டியில் உள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ததும் ‘டிக்’கென்று பூட்டு திறக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது. திரையின் மேல்மூலையில் என் பெயருக்குப் பக்கத்தில் பொன்னிற வட்டத்துக்குள் ‘மெம்பர்’ என்று பெங்களூரில் தெரிவது போலவே சென்னையிலும் தெரிந்தது. பயணம் முடிந்ததும் ‘நன்றி’ என்றுதான் வருகிறது. தொகையைப் பார்க்க வேண்டுமானால் மெனுவுக்குள் போய், வாலட்டைத் திறந்து, பழைய கணக்கைத் தேட வேண்டும். நான் ஐந்நூறு ரூபாய் போட்டு வைத்திருந்தேன். செப்டம்பரிலிருந்து பெங்களூரில் 31 முறை ஓட்டியும் அதில் கை வைக்காத நீங்கள் சென்னையில் வைப்பீர்கள் என்று நான் எப்படி நினைப்பேன்?

தெரிந்தது ஞாயிற்றுக்கிழமை காலையில். கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது. சென்ட்ரலில் வண்டி ஏறி, ஜோலார்பேட்டையில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். அதனால் முதலில் திருவான்மியூரில் பறக்கும் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. பையைச் சைக்கிள் கூடையில் வைத்துவிட்டு ஸ்கேன் செய்தேன். பூட்டு திறக்கவில்லை. ‘குறைந்தபட்ச இருப்பு 50 ரூபாய் தேவை’ என்று வந்தது. இருப்பு 34. ஐந்நூறு எங்கே போனது என்று தெருவோரம் நின்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அதன்பின் ஆட்டோ பிடித்து ஓடினேன். அந்த ஆட்டோக் கூலியை உங்களிடம் கேட்கவில்லை.

உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண் மரியாதையாகவே பேசினார், அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் சொன்னதிலிருந்துதான் விஷயமே தெரிந்தது. நவம்பரில் இரண்டு திட்டங்களையும் ஒன்றாக்கிவிட்டீர்களாம். பழைய உறுப்பினர்களுக்கும் இனி ‘ஹோம் சிட்டி’யில் மட்டும்தான் சலுகையாம். செயலியைப் புதுப்பித்தபோது வந்த ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை நான் அழுத்திவிட்டேனாம். அதை அழுத்தாமல் செயலிக்குள் போகவே வழியில்லை. அந்த ஐந்நூறு ரூபாயைத் திருப்பித் தந்தீர்களா என்று கேட்டேன், அவரிடம் பதில் இல்லை. பிறகு அவர் கேட்டார்: “மேடம், உங்க ஊர்ல நம்ம சைக்கிளே இல்லையே, அப்புறம் எதுக்கு மெம்பர்ஷிப் எடுத்தீங்க?”

அவர் வெகுளியாகத்தான் கேட்டார். ஆனால் இந்தக் கேள்வி உங்கள் நிறுவனம் முழுவதும் இருக்கிறது என்று நினைக்கிறேன். சேரும்போது ஊரைக் கேட்டது செயலி. கிருஷ்ணகிரி பட்டியலில் இல்லை. தருமபுரி இல்லை, ஓசூரும் இல்லை. பின்கோடைக் கொடுத்ததும் செயலி தானாகவே ஹோம் சிட்டி ‘பெங்களூரு’ என்று போட்டுக்கொண்டது. அது என் வீடு இல்லை, நீங்கள் எனக்குக் கொடுத்த ஊர். எங்களைப் போன்ற ஊர்களிலிருந்து பெங்களூருக்குத் தினமும் பஸ் ஏறுகிறவர்கள் எத்தனை பேர் என்று கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து பாருங்கள். எங்களுக்கு உங்கள் சைக்கிளில் ஒவ்வொரு பயணமும் வெளியூர்ப் பயணம்தான். உள்ளூரில் ஓட்ட என் மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் பள்ளியில் கொடுத்த சைக்கிள் இருக்கிறது, அதற்குச் சந்தா தேவையில்லை.

ஒவ்வொரு நகரத்திலும் தனி ஒப்பந்தம், தனிச் செலவு என்று உங்களுக்குச் சிரமம் இருக்கலாம், புரிகிறது. மைசூரில் 2017-இல் வந்த ட்ரின் ட்ரின் வாடகை சைக்கிள் திட்டம் மைசூருக்கு என்றே தொடங்கியது. அதன் உறுப்பினர் அட்டையை எடுத்துக்கொண்டு சென்னையில் நின்று யாரும் சண்டை போட மாட்டார்கள். நீங்கள் எல்லா நகரமும் என்று விலை வைத்து விற்றீர்கள். முடியாத காரியமும் அல்ல: என் சிங்காரச் சென்னை பயண அட்டை ஒன்றே சென்னை, பெங்களூரு இரண்டு ஊர் மெட்ரோவிலும் கதவைத் திறக்கிறது.

ஆகவே நான் கேட்பது: 466 ரூபாயை வாலட்டுக்கு அல்லாமல் என் வங்கிக் கணக்குக்குத் திருப்புங்கள். நான் சேர்ந்த ஆண்டு முடியும் 2026 செப்டம்பர் 11 வரை, நான் வாங்கியபடியே எல்லா நகரத்திலும் சலுகை தாருங்கள். தர இயலாதென்றால் 1,499-இல் மிச்ச மாதங்களுக்கான பணத்தைக் கொடுத்து என்னை விடுவித்துவிடுங்கள். பூட்டுத் திறக்கும் முன்பே இந்தப் பயணத்துக்கு எவ்வளவு என்று திரையில் காட்டுங்கள். இதை என் ஒருத்திக்காகக் கேட்கவில்லை. செயலியின் ஊர்ப் பட்டியலில் எங்கள் ஊர்களையும் சேருங்கள்.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். ஒப்புகை எனக்கு வரவில்லை. ஒரு மாதம் ஜனவரி 29 அன்று முடிகிறது. அதற்குள் பணம் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டு, கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்கு நீதிமன்றக் கட்டணமும் இல்லை. அங்கே போக எனக்கு விருப்பமில்லை. வரும் வியாழக்கிழமை மறுபடியும் பொம்மசந்திராவில் இறங்கி உங்கள் சைக்கிளைத்தான் எடுக்கப் போகிறேன்.

இணைப்பு: செப்டம்பர் 12 ஸ்கிரீன்ஷாட், எட்டுப் பயணங்களின் கணக்கு, டிசம்பர் 29 கடிதம், உங்கள் பதில்.

இப்படிக்கு,
உங்கள் ஆண்டு உறுப்பினர்

இடம்: காவேரிப்பட்டணம்
நாள்: 12.01.2026