நடுச்சாமத்தில் கால் இழுக்கும் தங்கச்சிக்கு

அன்புத் தங்கச்சி,

இரவு இரண்டரைக்கு நீ அனுப்பிய வொய்ஸை விடிந்த பிறகுதான் கேட்டேன். "கெண்டை கல்லு மாதிரி இறுகிட்டுக்கா, அம்மாவைக் கூப்பிடவும் வாய் வருதில்ல." கேட்டதும் என் காலே ஒருதரம் கூசியது.

எனக்கும் மூத்தவன் வயிற்றில் இருக்கும்போது ஏழாம் மாதத்தில்தான் தொடங்கியது. களுவாஞ்சிகுடியில் கச்சான் காற்று அனலாய் அடித்த நாட்கள். ஒருநாள் விடியப்புறம் அரைத் தூக்கத்தில் சோம்பல் முறித்துக் காலை நீட்டினேன். விரல்கள் கீழே வளைந்ததுதான் தாமதம், கெண்டையைப் பிடித்து முறுக்கியது போல இருந்தது. போன் வெளிச்சத்தில் பார்த்தால் தோலுக்குக் கீழே தேசிக்காய் அளவில் ஒரு திரட்சி. உன் அத்தான் பதறிப்போய் அதைப் பிடித்துப் பிசைய, நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு நாயும் குரைத்தது. அம்மா வந்தா. ஒன்றும் பேசாமல் உள்ளங்கையை என் பாதத்தில் வைத்து மேல்பக்கமாகத் தள்ளினா. அரை நிமிடத்தில் இளகிவிட்டது.

கிளினிக்கில் சொன்னபோது, "எல்லாருக்கும் வாறதுதான்" என்று அடுத்த திகதியைக் கார்டில் எழுதித் தந்தார்கள். பொய்யில்லை, வருகிறதுதான். ஆனால் நடுச்சாமத்தில் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லையே.

அதனால் நான் சொல்கிறேன். இழுக்கத் தொடங்கியதும் முழங்காலை நேராக்கி, குதிக்காலை முன்னே தள்ளி, விரல்களை உன் முகத்துப் பக்கம் மடக்கு. பாதத்தை மட்டும் கீழே நீட்டிவிடாதே, இன்னும் இறுகும். இந்த வயிற்றோடு குனிந்து காலைப் பிடிக்க ஏலாது. ஒரு துவாயைப் பாதத்தில் மாட்டி, இரண்டு முனையையும் மாட்டுக் கயிறு போலப் பிடித்து இழு. இல்லாவிட்டால் பாதத்தைச் சுவரில் முட்டுக் கொடு. இளகிய பிறகு தடவலாம், சூட்டுத்துணி வைக்கலாம், மெதுவாக நாலடி நடக்கலாம். அடுத்த நாள் முழுக்க அந்த இடம் நோகும், பயப்படாதே.

படுக்க முன்னம் சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, குதி நிலத்தில் பட, கெண்டை இழுபட நில். இரண்டு காலுக்கும் செய். எனக்கு அதற்குப் பிறகு கொஞ்சம் குறைந்தது. தண்ணீரும் நன்றாகக் குடி. இந்த வெயிலுக்கு அது எப்படியும் வேணும்.

மக்னீசியம் வாங்கவா என்று கேட்டிருந்தாய். ஏன் இழுக்கிறது என்பதிலேயே வைத்தியர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசுகிற கொக்ரேன் என்ற அமைப்பு 2020 இல் வெளியிட்ட தொகுப்பு, 576 பெண்கள் பங்கெடுத்த 8 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, மக்னீசியமோ கல்சியமோ உதவுமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்காமல் பார்மசியில் காசைக் கொட்டாதே. கிளினிக்கில் தருகிற கல்சியக் குளிசையை விடாமல் போடு, அது வேறு தேவைக்கும்தான். ஆனால் இரும்புக் குளிசையோடு சேர்த்து விழுங்காதே, இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. தேத்தண்ணியோடும் வேண்டாம்.

ஒன்றைச் சாதாரணமாக எடுக்காதே. பிடிப்பென்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, சுட்டு, நோவு விடாமல் நின்றால் அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். கர்ப்பத்தில் இடது காலில்தான் கூடுதலாக வரும். அதைத் தேய்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. நெஞ்சு நொந்தாலோ மூச்சு முட்டினாலோ 1990 அம்புலன்சை அழை, அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. திடீரென்று முகமும் கையும் வீங்கி, தலையிடி, கண் மங்கல் என்றாலும் விடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காதே.

துவாயை இன்றைக்கே தலைமாட்டில் போட்டு வை. கட்டிலைச் சுவரோடு ஒட்டப் போடச் சொல்லி அம்மாவிடம் சொல்லு, தம்பி வந்து தள்ளட்டும். நீ தள்ளாதே.

அக்கா,
கல்லடி